புத்தகத்தில் வராத வரி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மின்னூல் செய்வதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும். எழுதியவருடைய தற்பெருமையை ஜீரணிக்கிற வயிறு வேண்டும். எல்லாம் என்னிடம் இருந்தன.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன விஷயம், ஐயா. அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். ஓட மாட்டேன், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள் நான். காற்றுக்காகச் சொல்கிறேன்.

என் தொழில் என்ன என்று கேட்டீர்கள். பதிப்பகங்கள் எழுத்தாளர்களின் பிரதியை எனக்கு அனுப்பும். நான் அதன் அலங்காரத்தையெல்லாம் உரித்துவிட்டு வெறும் எழுத்தாக்குவேன். வரிக்கு முன்னால் # குறி போட்டால் அது தலைப்பு. சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் அது சாய்ந்துகொள்ளும். காலி வரி விட்டால் புதுப் பத்தி. அவ்வளவுதான் சங்கதி. பிறகு கம்ப்யூட்டர் திரையில், கட்டளை தட்டுவதற்கென்றே இருக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் அட்டை, பொருளடக்கம், அத்தியாயம் எல்லாம் சேர்ந்து புத்தகமாக வந்து விழும். அந்தக் கறுப்பு ஜன்னலை எனக்குப் பிடிக்கும். அது நலம் விசாரிக்காது. நீ யாருடைய தம்பி என்று கேட்காது. சொன்னதைச் செய்யும்.

என் அண்ணன் எடை அளவைத் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற துறை. அவர் பேச்சைக் கேட்டால், பூமி ஒருபக்கமாகக் கவிழாமல் இருப்பதே அவர் போட்ட முத்திரையால்தான் என்று தோன்றும். ஓய்வு பெற்றதும் இப்படிப்பட்டவர்கள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். சுயசரிதை எழுத உட்கார்ந்தார். தலைப்பு, 'நிறை குறையா வாழ்வு'.

நான் அவர் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணன், "தம்பி. மேல இருக்கான்" என்று அறிமுகம் செய்வார். மேலே தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. அதை அவர் யாருக்கும் அறிமுகம் செய்ததில்லை. அந்த வகையில் எனக்கு மரியாதை கூடுதல்தான்.

அவர் நேராக வெறும் எழுத்திலேயே தட்டச்சு செய்யட்டும் என்று நான்தான் குறிகளைச் சொல்லிக்கொடுத்தேன்.

"டேய், இந்த நட்சத்திரம் எதுக்கு?"

"அழுத்திச் சொல்லணும்னு நினைக்கிற இடத்துல போடுங்கண்ணா."

"நான் சொல்றது எல்லாமே அழுத்திச் சொல்றதுதானே?"

ஓரிடத்தில் நட்சத்திரத்தைத் திறந்தார், மூட மறந்துவிட்டார். வேலையில் சேர்ந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் புத்தகம் மொத்தமும் சாய்ந்துகிடந்தது. காட்டினேன். "கம்பீரமாத்தான் இருக்கு, விட்டுடு" என்றார். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிராமல், "நம்ம கல்யாணமே ஒரு பக்கமா சாஞ்சுதானே நடந்துச்சு" என்றார். அண்ணிக்கு நகைச்சுவை உண்டு. அந்த வீட்டில் அது எப்படிப் பிழைத்தது என்று தெரியவில்லை.

இன்னொரு குறியையும் சொல்லிக்கொடுத்தேன். எழுதும்போது தனக்கென்று ஏதாவது குறித்துவைக்க வேண்டுமானால், அதை அந்தக் குறிக்குள் போட்டுவிட வேண்டும். கட்டளை ஓடும்போது புரோகிராம் அதைத் தாண்டிப் போய்விடும். புத்தகத்தில் வராது. குறிப்பு வரி என்போம். 'இங்கே அமைச்சருக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படம். அமைச்சரைக் கொஞ்சம் வெட்டலாம்' என்று அண்ணன் ஒரு குறிப்பு எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதையும் மூட மறந்திருந்தார், நான்தான் மூடினேன். அதற்குப் பிறகு அவருடைய மூல எழுத்தை நான் படிக்கவில்லை. புத்தகமாக வந்ததைத்தான் படிப்பேன். சமையலறையை எட்டிப் பார்க்காமல் சாப்பிடுகிற ரகம்.

அந்தப் புத்தகத்தில் எனக்கும் இடம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி: 'அந்தச் சிறிய வீட்டில் ஒரு தையல் இயந்திரமும் என் தம்பியும் எங்களுடன் இருந்தனர்.' அடுத்த பத்தி முழுக்கத் தையல் இயந்திரத்தைப் பற்றி. அதற்கு எண்ணெய் விடுவது எப்படி, பட்டை அறுந்தால் மாட்டுவது எப்படி என்று நெகிழ்ந்து எழுதியிருந்தார். நான் வருத்தப்படவில்லை. அந்த வீட்டில் என்னைவிட அது அதிகமாக உழைத்தது உண்மை.

நீங்கள் நினைப்பதுபோல அந்த வரி காரணமில்லை. காரணம் தொழில் சம்பந்தமானது. அந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய குறை இருந்தது, ஐயா. அண்ணன் அதில் எதற்குமே பயப்படவில்லை. வியாபாரிகள் கூட்டமாக வந்து ஜீப்பை மறிக்கிறார்கள், இவர் புன்னகைக்கிறார். மேலதிகாரி மேஜையைத் தட்டுகிறார். இவர் மேஜைக்காக வருந்துகிறார். குடல்வால் அறுவை சிகிச்சையில் மயக்க ஊசி போடும்போது மருத்துவருக்குத் தைரியம் சொல்கிறார். பயமே இல்லாத ஒரு மனிதனை வாசகன் எவ்வளவு நேரம் தாங்குவான்? கடையில் துணி போர்த்தி நிற்கிற பொம்மையின் சுயசரிதை மாதிரி இருந்தது.

அவருக்குப் பயம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஏதோ ஒரு விளையாட்டில் என்னைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டார். மறந்தும் போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் வீட்டில் இல்லை. இருட்டிய பிறகுதான் வந்து திறந்தார். திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அது பயந்துபோன முகம். "அப்பாகிட்ட சொல்லிடாதடா" என்றார். நான் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதெல்லாம் பழைய கதை. மனதில் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான். கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்க முடியுமா? நன்றி.

ஆக, பிரதியைச் செம்மைப்படுத்தினேன். செய்தது அவ்வளவுதான்.

எப்படி என்று சொல்கிறேன். மூல எழுத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில் வடிகட்டி என்று ஒன்றை வைக்கலாம். புரோகிராம் எழுத்தை வாங்கிப் புத்தகமாக்கும் வழியில் அது புகுந்து, நாம் சொன்ன மாற்றத்தைச் செய்துவிட்டுப் போகும். மேற்கோள் குறிகளை வளைப்பதற்கும், இரட்டை இடைவெளிகளை ஒன்றாக்குவதற்கும் வைத்திருந்தேன். நல்ல காரியத்துக்கு வந்ததுதான். அதில் ஒரு வரி சேர்த்தேன். ஜீப் மறிக்கப்படுகிற இடம் வந்தால், அந்தப் பத்தியின் முடிவில், 'அப்போது எனக்குப் பயமாக இருந்தது' என்று போடு. மூல எழுத்தில் கை வைக்கவே இல்லை. அது அண்ணன் எழுதியபடியே, சுத்தமாக, அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. வீட்டு நெட் வழியாக என் கம்ப்யூட்டரிலிருந்தும் அதைத் திறக்கலாம்.

அண்ணன் தினமும் திருத்துவார். தினமும் காலையில் படிக்கட்டின் கீழே நின்று, "புதுசு போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். நான் கட்டளையைத் தட்டுவேன். புத்தகம் படிக்க மட்டும் பயன்படுகிற ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார், ரீடர். அதற்கு வீட்டு நெட் வழியாகப் புதிய பிரதி போய் இறங்கும். அதே பெயர் என்பதால் பழையது அழிந்துவிடும். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே படிப்பார்.

அந்த வரியோடு பிரதி போன அன்று நாற்காலியிலிருந்து எழுந்து மாடிக்கே வந்துவிட்டார். அவர் அந்தப் படி ஏறியது அபூர்வம்.

"இந்த வரியை யாருடா போட்டது?"

"எந்த வரிண்ணா?"

"பயமா இருந்துச்சாம். எனக்கு."

மூல எழுத்தைத் திறந்தேன். தேடுகிற பெட்டியில் 'பயமாக' என்று அடித்தேன். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. அவரையே அடிக்கச் சொன்னேன். அவருக்கும் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் வடிகட்டியை எடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே கட்டளையைத் தட்டினேன். புதுப் பிரதி ரீடரில் இறங்கியது. ஜீப், வியாபாரிகள், புன்னகை. அதற்குமேல் எதுவும் இல்லை.

"கண்ணாடியை மாத்தணும் போல" என்றார்.

"வெயில்ல உக்காந்து படிக்காதீங்கண்ணா" என்றேன்.

அடுத்த சில நாள் சும்மா இருந்தேன். அவசரப்படுகிறவன் நல்ல தொகுப்பாளன் ஆக முடியாது. பிறகு மேலதிகாரி மேஜையைத் தட்டுகிற இடத்தில் போட்டேன். அதை அவர் கண்டுபிடித்து, நான் தேடிக்காட்டி, இல்லை என்றான பிறகு, மயக்க ஊசி போடுகிற இடத்தில். அந்த முறை அவர் உஷாராகிவிட்டார். வரி கண்ணில் பட்டதும் ஒரு தாளில் அதை அப்படியே எழுதிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இப்ப என்ன சொல்ற? எழுதியே வச்சிருக்கேன் பாரு."

தாளை வாங்கிப் பார்த்தேன். "அண்ணா, இது உங்க கையெழுத்துதானே?"

தாளைத் திரும்ப வாங்கி, அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஊரெல்லாம் முத்திரை குத்திய கை. பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். கைப்பிடியை அவர் பிடித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புத்தகத்துக்கு உயிர் வர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் தனியாக வெளியே போகவில்லை. வண்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டார். மருத்துவர் வந்து பார்த்து, வயசாகிறது, ஓய்வு வேண்டும் என்று சொல்லி, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரைகளோடு தூக்கத்துக்கும் ஒன்று எழுதிக்கொடுத்தார். தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லி அண்ணியைக் கேட்டார். அதுவரை அந்த அறைக்குள் பெருக்குவதற்கு மட்டும் அனுமதிக்கப்பட்டவர் அண்ணி.

அடுத்த வரி வந்த அன்று மாலை துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்த அண்ணி என் வாசலில் நின்றார்.

"தம்பி, எனக்கு பயமா இருக்கு. அவர் எழுதறப்ப பக்கத்துலயேதான் இருந்தேன். அந்த மாதிரி ஒரு வரிகூட அவர் அடிக்கலை."

"நடுவுல எழுந்திருக்கவே இல்லையா அண்ணி?"

"அடுப்பை அணைக்கப் போனேன். ஒரு நிமிஷம்."

"ஓ" என்றேன்.

அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, ஐயா. ஓர் எழுத்துதான். அண்ணி துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி அங்கேயே நின்றார். ஒரு சட்டையின் கை தரையில் புரண்டுகொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் அண்ணனுடைய குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தன் எழுத்தைத் தவிர வேறு யாருடைய எழுத்தையும் மதித்ததில்லை. மருத்துவர் சீட்டில்கூட ஒற்றுப்பிழை பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு, தனக்கே தெரியாமல் தான் எழுதி, தானே அழித்தும்விடுகிறோம் என்ற முடிவுக்கு வந்தபோது என்ன தோன்றியிருக்கும்? தெரிந்து எழுதியதே அவ்வளவு உயர்வு என்றால், தெரியாமல் எழுதியது எவ்வளவு உயர்வாக இருக்க வேண்டும்? அதைத் தனக்குத் தானே அனுப்புகிற தகவல் என்று எடுத்துக்கொண்டார். காலையில் பிரதி வந்ததும் கதையைப் படிப்பதை விட்டுவிட்டு, அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். "புதுசு போட்டாச்சா?" என்று கேட்கிற குரல் சின்னதாகிவிட்டது. சில நாள் கேட்காமலே கீழே நிற்பார். நான் எட்டிப் பார்த்தால், தலையை மட்டும் அசைப்பார்.

என்னிடம் சரிபார்க்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். மூல எழுத்தைத் திறக்கிற வேலை எனக்கு மிச்சமானது.

'இப்போதும் பயமாக இருக்கிறது' என்று போட்டேன். அவர் சாய்வு நாற்காலியைச் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டார், முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாதபடி. 'விளக்கை அணைக்காதே' என்று போட்டேன். பகலிலும் எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. கழிவறையில்கூட. அண்ணி அணைத்தால் போய்ப் போய்த் திரும்பப் போடுவார். வாசல் மணி அடித்தால் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார், குழந்தை மாதிரி. முன்பெல்லாம் கடைத்தெருவில் நடந்தால் தராசுகள் தானாக நேராகும் என்று பீற்றிக்கொண்ட மனிதர். நான் புத்தகத்தை உண்மையாக்கினேன், ஐயா. ஒரு தொகுப்பாளனால் அதைவிட அதிகம் செய்ய முடியாது.

கடைசி வரியை ஏன் போட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். 'மாத்திரையை நிறுத்தினால் பயம் போய்விடும்.' காரணம் சாதாரணமானது. மாத்திரை போட்டால் அவர் தூங்கிவிடுவார். தூங்குகிறவனுக்குப் பயம் கிடையாது. புத்தகம் முடிகிற நேரத்தில் கதாநாயகன் குறட்டை விட்டால் எப்படி? எந்த மாத்திரை என்று வரியில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சுருக்கமாக எழுதுவது என் பழக்கம்.

அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். அண்ணி கையில் கொடுக்கும்போது வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் துப்பிவிடுவார். தொட்டி மண்ணில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கிடந்ததை நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் பார்த்தேன். விரலால் மண்ணைக் கிளறி மூடிவிடுவேன். அண்ணி பார்த்தால் வீணாக மனசு கஷ்டப்படுவார்.

அன்று காலை வழக்கம்போலப் பிரதி அனுப்பியிருந்தேன். கீழேயிருந்து அண்ணி கூப்பிட்டார். "தம்பி, சீக்கிரம் வாங்க. இவருக்கு வாய் கோணுது. தம்பி."

வந்தேன். உடனே வரவில்லை என்று அண்ணி சொல்லியிருப்பார், அது சரிதான். வடிகட்டி இல்லாமல் சுத்தமான பிரதி ஒன்றைச் செய்து ரீடருக்கு அனுப்பிவிட்டு வந்தேன். கண்ணிமைக்கும் நேரம்தான் ஆகும் என்று முன்னால் நானே சொன்னேன், உண்மைதான். அனுப்பிய பிறகு முழுப் புத்தகத்தையும் ஒரு முறை சரிபார்த்தேன். தொழில் சுத்தம். அண்ணி கூப்பிடுவது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இறங்கி வந்தபோது அண்ணன் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துகிடந்தார். கண் மட்டும் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. அந்த முகத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

என் தவறு ஒன்றுதான். ரீடர் அவர் கையிலிருந்து விழுந்து அணைந்துபோயிருந்தது. அணைந்த ரீடருக்கு எதுவும் போய்ச் சேராது. காரியங்கள் முடிந்து அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போனபோது அதையும் எடுத்துப்போயிருக்கிறார். அங்கே நெட் கிடையாது. அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் எழுதியதைப் படித்ததில்லையே என்று சார்ஜ் போட்டுப் படித்திருக்கிறார். பழைய பிரதி. அந்த வரி. பிறகு வீட்டுக்கு வந்து தேடியதில் பூந்தொட்டி. பிறகு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார்.

"அவர் எழுதினதா இருந்தா இவ்வளவு சின்னதா இருக்காது" என்று அண்ணி உங்களிடம் சொன்னாராம். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பகை காரணமில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பொய்யான புத்தகம் இருந்தது, அதைத் திருத்தினேன். அந்த மனிதர் தன் பயத்தைத் தானாக ஒருநாளும் எழுதியிருக்க மாட்டார்.

இப்போது இந்தத் தாளை நீட்டுகிறீர்கள். அண்ணனுடைய கம்ப்யூட்டரில் இருந்த மூல எழுத்தை அச்செடுத்தது என்கிறீர்கள். இரண்டாம் அத்தியாயம். தையல் இயந்திரத்துக்குக் கீழே. அவர் போவதற்கு முந்தின நாள் சேர்த்தது என்கிறீர்கள். நானே படிக்க வேண்டுமா? சரி.

'அலமாரி விஷயத்தை இங்கே எழுத வேண்டும். தையல் இயந்திரம் போதும், அதை எடுத்துவிடலாம். முதலில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேலே போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. இந்த வரியை எழுதியது நான்தான்.'

குறிக்குள்தான் இருக்கிறது. சரியாகத் திறந்து, சரியாக மூடியிருக்கிறார். அவர் திறந்த குறியை மூடி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இதற்கு என்ன சொல்கிறாய் என்று என் முகத்தையே பார்க்கிறீர்கள். சொல்ல என்ன இருக்கிறது, ஐயா? இது குறிப்பு வரி. புத்தகத்தில் வராது.